கனேலோ புரண்டது

கனேலோ புரண்டது. நாய் புரள்வதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். அந்த நாயைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஆறு வயது யாமிலி மழைக்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கோழித் துண்டை மூக்கருகே காட்டி அப்படியே தோள் பக்கம் கொண்டுபோனால் தலை திரும்பும், தலையோடு உடம்பும் திரும்பும் என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கனேலோ துண்டைக் கவ்விக்கொண்டு எழுந்து போய்விடும். பிள்ளையை ஏய்ப்பதில் அது கெட்டிக்காரன்.

இப்போது புரண்டது. எதிரே யாருமில்லை.

யாமிலியின் அம்மா மிர்னா கையெல்லாம் சோள மாவோடு அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். வாழையிலை வாட்டிய வாசனையும் சாம்பிராணிப் புகையும் கூடத்தில் கலந்து கிடந்தன. படையல் மேசைக்கு முன்னால் நாய் குப்புறப் படுத்திருந்தது. அதன் மூக்கு எதையோ பின்தொடர்ந்து மெல்ல மெல்லத் தோள் பக்கம் போனது. நாலு காலும் மேலே எழுந்தன. மறுபக்கம் விழுந்து, வாயைத் திறந்து, எதையோ வாங்கி மென்றது.

இறந்துபோன குழந்தைகள் வீடு திரும்பிச் சாப்பிடுகிற நாள் அது. மேசையில் மிர்னாவின் கணவன் வில்பெர்த்தின் தம்பி ரெனேயின் படம் இருந்தது. கொல்லைக் கிணற்றில் விழுந்து போனவன், அப்போது ஏழு வயது. காலையில் நாத்தனார் லாண்டி வந்து, நாயைக் கட்டிப் போடச் சொன்னாள். பிள்ளை கையில் சிவப்பு நூல் கட்டச் சொன்னாள். நூல் இருந்தால் வந்தவர்கள் அவளைத் துணைக்குக் கூட்டிப்போக மாட்டார்கள்.

"நாய்க்கும் ஒண்ணு கட்டுங்க அண்ணி. நம்ம ரெனேவுக்கு நாய்ன்னா உயிரு."

நூல்கண்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு துண்டு. அதை மகளின் மணிக்கட்டில் கட்டிவிட்டு, நாய்க்கு அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தாள் மிர்னா. கட்டிப் போடவும் மறந்துவிட்டாள். வேலை அப்படி.

இப்போது ஓடிப்போய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்து நாயைக் கொல்லைக்கு இழுத்துப் போய் நாரத்தை மரத்தில் கட்டினாள். வீட்டில் ஆண்துணை இல்லை. வில்பெர்த் தங்கை லாண்டி வீட்டில் படையல் அடையை மண்ணில் புதைத்துச் சுடக் குழி வெட்டப் போயிருந்தான். மூடநம்பிக்கை, வேறென்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி மாவில் கை வைத்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கோழிகள் எப்போதோ அடைந்துவிட்டன. கொல்லையில் காய்ந்த சருகுகள் நொறுங்குகிற சத்தம் கேட்டது, நின்றது, ஏதோ கனமானது தரையில் விழுகிற மாதிரி மறுபடி கேட்டது.

"அம்மா! கனேலோ சாவப் போறான்!"

ஓடினாள். நாய் புரண்டுகொண்டிருந்தது. ஒரே பக்கமாக, கிணற்றுப் பக்கமாக. ஒவ்வொரு புரளலுக்கும் கயிறு அதன் கழுத்தில் ஒரு சுற்று ஏறியது. நாக்கு நீலமாகத் தொங்கியது. அப்படியும் வால் ஆடியது. மிர்னா கத்தியால் கயிற்றை அறுத்து, நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்து கூடத்தில் கிடத்தினாள். யாமிலி அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அவனைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. அவனைப் பிடிச்சுக்கோ, இதோ வந்துட்டேன்."

கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அடுக்களை ஜன்னலையும் அடைத்தாள். வில்பெர்த்தைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த தடவை எடுத்தான். உடனே வா என்றாள். வருகிறேன் என்றான். கூடம் அமைதியாக இருந்தது. யாமிலியின் அழுகை நின்றிருந்தது. அப்பாடா என்றிருந்தது மிர்னாவுக்கு.

கூடத்துக்கு வந்தாள்.

கனேலோ புரளவில்லை. சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தது. முதுகு மயிர் சிலிர்த்திருந்தது. பல்லைக் காட்டி, மிகச் சன்னமாக உறுமியது. தரையைப் பார்த்து உறுமியது.

அதன் முன்னங்காலில் சிவப்பு நூல்.

இருந்த ஒரே நூல். பாழாய்ப்போன பாசம். மிர்னா நாயின் மேல் விழுந்து முடிச்சைப் பற்றினாள். மாவு பிசுபிசுத்த விரல். பிஞ்சுக் கை போட்ட முடிச்சு, இறுகிக் கிடந்தது. அவிழவில்லை. பல்லால் கடித்தாள். அவிழவில்லை.

பின்னால் யாமிலி சிரித்தாள்.

சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். கன்னத்தில் இன்னும் கண்ணீர். கண் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து காதுக்கு. காதிலிருந்து தோளுக்கு. கால்கள் மேலே எழுந்தன. புரண்டாள். வாயைத் திறந்தாள். மென்றாள்.

மறுபடி. கொல்லைக் கதவுப் பக்கமாக.

"யாமிலி. அம்மாவைப் பாருடி."

பார்க்கவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் தாடை மின்னியது. தட்டிக்கொடுத்த மாதிரி, ஈரமான சின்ன விரல் தடங்கள். கிணற்றுப் பாசி நாற்றம். தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

மிர்னா பாய்ந்து மகளை அள்ளினாள். நெஞ்சோடு இறுக்கினாள். இரண்டு கையாலும். எலும்பு நொறுங்க.

அந்தப் பிடிக்குள்ளேயே யாமிலியின் தலை மெல்லத் திரும்பியது. தோள் பக்கம். கிணற்றுப் பக்கம்.

தலையோடு உடம்பும்.