கை மாறிய சிலை

அன்று மாலை அருங்காட்சியகத்துக்குள் இருந்தவர்கள்: பாட்டுக் குழுவினர் ஆறு பேர். பொம்மலாட்டக்காரர் ஒருவர். சிலை மனிதர்கள் ஐந்து பேர். எல்லாவற்றையும் நடத்திய நிகழ்ச்சி அக்கா. குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், தோளில் தூங்கிய கைக்குழந்தையையும் சேர்த்து, நூற்று முப்பது பேர். ஆக மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.

கதவருகே நின்று இவர்களை எண்ணிய காவலரும், அவருடைய மகள் சுண்டெலியும் இந்தக் கணக்கில் இல்லை.

சுண்டெலி என்பது பட்டப்பெயர்தான். சந்து பொந்தெல்லாம் நுழைந்து வருவாள் என்பதால் அப்பா வைத்தது.

எண்ணுவதற்கு அப்பாவிடம் இரண்டு சின்னக் கருவிகள் இருந்தன. பொத்தானை அழுத்தினால் 'டிக்' என்று ஒன்று கூடும். வலது கையில் இருப்பது உள்ளே வருபவர்களுக்கு. இடது கையில் இருப்பது வெளியே போகிறவர்களுக்கு. எல்லோரும் வந்து சேர்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவர் கூடங்களைச் சுற்றி வருவார். முடிந்ததும் மறுபடி கதவருகே நிற்பார். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் பூட்டலாம்.

இப்போது எல்லோரும் போய்விட்டார்கள். வலது கை 143 என்றது. இடது கை 142 என்றது.

அப்பா இரண்டையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். எண்கள் மாறவில்லை.

"கைக்குழந்தையை விட்டுட்டியாப்பா?" என்றாள் சுண்டெலி.

"அதை எண்ணிட்டேன். கையாட்டிட்டுப் போச்சு."

"அப்போ யாரையாவது ரெண்டு தடவை எண்ணியிருப்பே."

"போன மாசமும் அப்படித்தான் நினைச்சேன். கடைசியில ஒரு பையன் கழிவறையில இருந்தான்." அப்பா பெருமூச்சு விட்டார். "இன்னொரு தடவை கணக்கு பிசகினா மாலை வேலை எனக்குக் கிடையாதுன்னு மேலாளர் சொல்லிட்டார்."

மாலை வேலை போனால் சுண்டெலிக்கும் இங்கே வர வழியில்லை.  அது அவளுக்கும் தெரியும்.

இருவரும் தேடினார்கள். கழிவறையில் யாருமில்லை. நாணயக் கூடத்தில் யாருமில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு குடை மட்டும் இருந்தது. குடையை அப்பா எண்ணியிருக்க மாட்டார். ஆனாலும் சுண்டெலி ஒரு தடவை கேட்டு வைத்தாள்.

"யாராவது இருக்கீங்களா?" என்று அப்பா கத்தினார். அவர் குரலேதான் திரும்பி வந்தது.

"வந்தவங்க எல்லாரும் போயாச்சு. போகாத ஆளும் இல்லை. ஆனா ஒரு ஆள் போகலை," என்றார் அப்பா. "எனக்கு மண்டை காயுது."

சுண்டெலிக்கும் மண்டை காய்ந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வேறு காரணத்துக்காக. சட்டைப் பையிலிருந்து விளையாட்டுச் சீட்டை எடுத்தாள்.

அன்றைய விளையாட்டு இதுதான். உடம்பெல்லாம் சாம்பல் நிறம் பூசிய ஐந்து நடிகர்கள் நிஜச் சிலைகளுக்கு நடுவே அசையாமல் நிற்பார்கள். எவர் மனிதர் என்று கண்டுபிடித்து, கால் விரலைத் தொட்டு, 'பிடிச்சேன்' என்று சொல்ல வேண்டும். உடனே அந்தச் சிலை கண்ணைத் திறந்து வணங்கி, சீட்டில் முத்திரை குத்தும். ஐந்து முத்திரை சேர்ந்தால் பரிசு.

சுண்டெலியின் சீட்டில் நான்கு முத்திரைகள்தான் இருந்தன.

குப்பைத் தொட்டிக்குள் கையை விட்டு, மற்றவர்கள் போட்டுவிட்டுப் போன சீட்டுகளை எடுத்தாள். நான்கு. மூன்று. நான்கு. நான்கு. எந்தச் சீட்டிலும் ஐந்தாவது இல்லை.

"அப்பா, அஞ்சாவது சிலையை யாருமே பிடிக்கலை."

"அவன் புது ஆளாம். பாதியிலேயே போயிருப்பான்னு மத்த நாலு பேரும் பேசிக்கிட்டாங்க."

"போயிருந்தா உன் கையில 'டிக்' விழுந்திருக்குமே."

அப்பா இடது கையைப் பார்த்தார். பிறகு சிலைக்கூடத்தைப் பார்த்தார். அங்கே நாற்பது சிலைகள் அவரைத் திருப்பிப் பார்த்தன.

சுண்டெலி கூடத்தின் நடுவில் நின்று உரக்கச் சொன்னாள்: "பிடிச்சாச்சு. விளையாட்டு முடிஞ்சுபோச்சு. இறங்கி வாங்க."

ஒரு சிலையும் இறங்கவில்லை. ஒரு பல்லி மட்டும் நகர்ந்தது.

ஒவ்வொரு சிலையாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். மூலையில் ஒரு பீடத்தைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. 'தொடாதீர்கள்' என்று அட்டையும் தொங்கியது. உள்ளே ஒரு கை இல்லாத போர்வீரன், தோளில் போர்வையோடு.

"இந்தக் கயிறு யார் கட்டினது?"

"நான்தான். விளையாட்டு ஆரம்பிச்சதும் சுத்தி வந்தேனே, அப்போ. கை ஒட்டுறதுக்காகப் பழுதுபார்க்கப் போன சிலை. ரெண்டு மாசம் வச்சிருந்துட்டு, கையை ஒட்டாமலே திருப்பி அனுப்பியிருக்காங்க. எந்த ஊர் நியாயம் இது? பிள்ளைங்க தள்ளி விட்டுட்டா மீதிக் கையும் போகுமேன்னு கட்டினேன். ஒருத்தரையும் கிட்ட விடலை."

சுண்டெலி விரலால் அந்தச் சிலையைக் காட்டினாள். தன் கைகளையும் பார்த்துக்கொண்டாள். இடம் எது, வலம் எது என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள்.

"அப்பா, பழைய சிலைக்கு எந்தக் கை இல்லை?"

"இடது கை."

"இதுக்கு வலது கை இல்லையே."

அப்பா சிலையைப் பார்த்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"அப்போ இடது கையை ஒட்டிட்டு, வலது கையை உடைச்சிட்டாங்களா? இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

சுண்டெலி கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள்.

"தொடாதே," என்றார் அப்பா. பத்து வருடப் பழக்கம் அது. அவரை மீறி வாய் சொன்னது.

அவள் சிலையின் கால் கட்டைவிரலைத் தொட்டாள். கல் சில்லென்று இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது.

"பிடிச்சேன்."

போர்வீரன் கண்ணைத் திறந்தான். வணங்கப் பார்த்தான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அப்படியே பீடத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான். போர்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. அதில் முத்திரைக் கட்டை இருந்தது.

"இந்தப் பீடம் காலியா இருந்தது. உடைஞ்ச சிலையா நின்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு யோசிச்சேன்," என்றான். "ரொம்ப நல்லா யோசிச்சிட்டேன் போல."

"தம்பி, நான் கயிறு கட்டும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் அப்பா.

"சிலை பேசுமா சார்?"

"நான் வந்து கத்தினப்போ?"

"கால் விரலைத் தொடாம அசையக் கூடாதுன்னு விதி. இன்னைக்குத்தான் எனக்கு முதல் நாள். அசைஞ்சுட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்கன்னு பயம்." கால்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தான். "ரெண்டரை மணி நேரம். மூக்கு அரிச்சது சார். அதைக்கூடச் சொறியலை."

அப்பா கயிற்றை அவிழ்த்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அட்டையைப் பார்த்தார். அதில் அவருடைய கையெழுத்தே இருந்தது.

"தப்பு என்னோடது. உங்க நிகழ்ச்சி அக்காகிட்ட நானே சொல்லிடறேன்," என்றார்.

"நீங்க அசையவே இல்லைன்னு நானும் சொல்றேன்," என்றாள் சுண்டெலி.

போர்வீரன் மூக்கை நன்றாகச் சொறிந்துகொண்டு, அவள் சீட்டில் ஐந்தாவது முத்திரையைக் குத்தினான். கை மரத்துப்போயிருந்ததால் கொஞ்சம் கோணலாக விழுந்தது. பரிசுப் பை நிகழ்ச்சி அக்காவோடு போய்விட்டது என்றும் சொன்னான். சுண்டெலி சீட்டை மடிக்காமல் பையில் வைத்தாள்.

மாடிப்படிக்கு அடியில் இருந்த குடையும் அவனுடையதுதான். அதை ஊன்றிக்கொண்டு வாசல்வரை நடந்தான்.

"அப்பா, இந்த ஒண்ணை நான் அழுத்தறேன்."

அப்பா இடது கையில் இருந்த கருவியைக் கொடுத்தார். சாம்பல் நிறக் கால் ஒன்று வாசற்படியைத் தாண்டியது. சுண்டெலி காத்திருந்தாள். இரண்டாவது காலும் தாண்டியது.

டிக்.

நூற்று நாற்பத்து மூன்று. அப்பா கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினார்.