பிடி சூழ்ந்த நிலம்

வெள்ளாற்றின் மேற்கரையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்திச் செவ்வானத்தின் நிறத்தை வாங்கிக்கொண்டு ஆறு மெல்ல நகர, மருத மரங்களின் நிழல் மணலில் நீண்டு கிடக்க, கீழ்வானில் முழுநிலவு தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தது. இப்பேர்ப்பட்ட மாலையிலும் மனிதர்கள் நிலத்துக்கு எல்லை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்றால், அன்பார்ந்த வாசகர்களே, அவர்களை என்னவென்று சொல்வது!

அக்காலத்தில் அரசர் எவருக்கேனும் நிலம் ஈந்தால், அலங்கரித்த பெண் யானை ஒன்றை அதைச் சுற்றி நடத்துவார்கள். அந்தப் பிடி கால் வைத்த தடமே எல்லை. தடத்தின்மேல் கல்லும் கள்ளியும் நட்டுவிட்டால், உள்ளே மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், உடும்பு ஓடிய மேடும் ஆமை தவழ்ந்த பள்ளமும் நிலம் பெற்றவருக்கே உரியவை. பிடி வழி மாறினாலும் இழுத்துத் திருப்பக் கூடாது. அது அரச ஆணையையே திருப்பியதாகும்.

இன்று பிடி வழி மாறிவிட்டது. நேராக ஆற்றோரம் போக வேண்டியது, திடீரென்று துதிக்கையைத் தூக்கிப் பிளிறிவிட்டு, வளைந்து ஓடிவந்து, நிலம் பெறவிருந்த படைத்தலைவர் வென்றிமாராயரின் தோளில் துதிக்கையைப் போட்டது. அவ்வளவுதான்! ஆற்றங்கரை நடுகல் ஒன்று எல்லைக்குள் வந்துவிட்டது.

"பிடிக்கே தங்களைப் பிடித்துவிட்டது!" என்று சேவகர்கள் சிரித்தார்கள். மாராயர் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பார், பாவம்? அந்த நடுகல்லின் எதிரே நின்றிருந்தபோதுதான் பிடி அவரை மோப்பம் கண்டுகொண்டது. கல்லில் வாளோங்கிய வீரன் ஒருவன் செதுக்கப்பட்டிருந்தான். கீழே 'கோவன்' என்று பெயர் வெட்டியிருந்தது. அது அவருடைய சொந்தப் பெயர்.

ஆம், மாராயர் பிறந்தது இதே கரையில்தான். எல்லைப் போரில் படுகாயமுற்றுப் பகைவர் கையில் சிக்கியவர், உயிருக்கு ஆசைப்பட்டு அவர்களுக்கே வாளேந்தினார். பெயர் மாறியது, கன்னத்து வெட்டுத் தழும்பும் தாடியும் முகத்தையும் மாற்றின. கடைசியில் அவர் நடத்திவந்த படையே இந்தக் கரையை வென்றது. அதற்குப் பரிசுதான் இந்த நிலம். ஊராரோ, ஆளில்லாமல் திரும்பிய அவர் குதிரையைக் கண்டு, கோவன் போரிட்டு மாண்டான் என்று கல் நட்டுவிட்டார்கள்.

"பிரபு, கல்லை என்ன செய்யலாம்?" என்று கேட்டார் நில அதிகாரி நக்கனார். "சுடுகாடும் வாய்க்காலும் ஊர்வழியும் எவருக்கும் சொந்தமாவதில்லை. நடுகல்லுக்கு அப்படியில்லை, எல்லைக்கல் நடுவதற்குள் இரத்த உறவினரோ மனைவியோ வந்து உரிமை கோரினால் அவர்களுடையது. வராவிட்டால் தங்களுடையது. வைத்துக்கொள்ளலாம், பெயர்த்தும் எறியலாம்."

பெயர்த்து ஆற்றில் எறிந்துவிட்டால் கோவன் என்றொருவன் இருந்த சுவடே போய்விடும். மாராயர் வாய் திறப்பதற்குள், "சற்றுப் பொறுங்கள், ஐயா!" என்றொரு குரல் கேட்டது.

கையில் அகலும் எண்ணெய்க் கிண்ணமுமாக ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள். ஆழிநங்கை! மாராயர் அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கூந்தலில் நரையோடியிருந்தது, கண்கள் மட்டும் மாறவில்லை.

"இக்கல்லில் இருப்பவர் உனக்கு என்ன உறவு, அம்மா?" என்றார் நக்கனார்.

"அவருக்கென்று நிச்சயிக்கப்பட்டவள். போர் முடிந்து வந்து மாலையிடுவதாகச் சொல்லிப் போனார்."

"அப்படியானால் மணம் ஆகவில்லை. சட்டப்படி உனக்கு உரிமை இல்லையே, தாயே!"

"உரிமை இல்லைதான். அந்தியில் விளக்கேற்ற ஒற்றையடிப் பாதை போதும். அதையும் மறுத்தால் நான் எங்கே போவேன், ஐயா?"

"நிலத்துக்குரியவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தாலன்றி வழியில்லை" என்று நக்கனார் மாராயரைப் பார்த்தார்.

மாராயர் அஞ்சியது அந்தக் கல்லுக்கு. ஆசைப்பட்டது அதன் எதிரே நின்றவளுக்கு. பிறகு வாளை உருவி மண்ணில் ஊன்றினார். "இந்தக் கல்லும், அதற்குப் போகும் பாதையும் என் எல்லைக்குப் புறம்பு. நானோ என் வழியினரோ இவற்றில் உரிமை கொண்டாட மாட்டோம். இது என் வாளின்மேல் ஆணை!"

சேவகர்கள் கல்லைச் சுற்றித் தனி எல்லை நட்டார்கள். நக்கனார் அவர்களை அழைத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனார். பிடி மட்டும் மருத மரத்தடியில் காதசைத்து நின்றது.

"ஆழி..." என்றார் மாராயர்.

அவள் திடுக்கிடவில்லை. "பிடி தங்களிடம் ஓடிவந்ததைத் துறையிலிருந்து பார்த்தேன். இது எங்கள் ஊர்க் கோமளை. குட்டியாய் இருந்தபோது கரும்பு ஊட்டி வளர்த்தவரைத் தவிர வேறு எவர் தோளிலும் துதிக்கை போட்டதில்லை. அப்போதே தெரிந்துவிட்டது."

"தெரிந்துமா என்னிடமே கெஞ்சினாய்? நான் உயிரோடு நிற்கும்போது கல்லுக்கு எதற்கம்மா விளக்கு?"

"உயிரோடு நிற்பவர் வென்றிமாராயர். இத்தனை காலம் நான் விளக்கேற்றியது கோவனுக்கு. அவர் ஊரைக் காக்கப் போரிட்டு மாண்டார்." அவள் கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. "மரமும் கிணறும் தங்களுடையவை, பிரபு. மண்ணெல்லாம் தங்களுடையது. இந்தக் கல் தங்களுடையதல்ல. தாங்களே வாள்மேல் ஆணையிட்டீர்கள். ஆகையால் இந்தப் பாதையில் தாங்கள் வரலாகாது."

மாராயர் எடுத்து வைத்த காலைப் பின்னிழுத்துக்கொண்டார். புதிதாய் நட்ட எல்லைக்கல்லுக்கு இப்பால், தமக்குச் சொந்தமான மண்ணில் நின்றபடி, அவள் குனிந்து தம் பெயருக்கு விளக்கேற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.