எண்ணிக்கை சரியாக இருந்தது

படகு மணலில் முட்டி நின்றதுமே ரேடியோ தண்ணீரில் குதித்துவிட்டான். "அக்கா, காத்தைப் பாரு! ஆளையே தூக்கிட்டுப் போயிடும்போல!" என்று அங்கிருந்தே கத்தினான். தூக்கத்தில்கூட வாய் ஓயாதவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். டீச்சரின் ஒரே தம்பி. ஏரியில் மட்டுமே பலகை ஓட்டிப் பழகியவன், கடலுக்கு இதுதான் முதல் தடவை. போகவே கூடாதென்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். "நான் பாத்துக்கறேன்மா, என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துத்தான் டீச்சர் அவனை அழைத்து வந்திருந்தாள்.

கூட வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவன் கார் மெக்கானிக். நாலு பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு பைத்தியம்தான், விண்ட்சர்ஃபிங். பலகை மேல் நின்று, பாயைக் கையில் பிடித்துக்கொண்டு காற்றோடு பறக்கிற விளையாட்டு. நல்ல காற்று எங்கே அடிக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம் இவர்களுக்கு.

ஆளில்லாத தீவு அது. வானிலை பார்க்கிற ஊழியர்கள் எப்போதோ தங்கியிருந்த ஓட்டு வீடு ஒன்று மட்டும் மேட்டில் நின்றது. படகுக்காரர் சாமான்களை இறக்கி வைத்தார். "நாளைக்குச் சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்கக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்குள் காற்று சும்மா இருக்கவில்லை. ஒரு கதவைச் சாத்தினால் இன்னொன்று திறந்துகொண்டது. ஜன்னல் இடுக்குகளில் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது மாதிரி ஒரு சத்தம். வெயில் காய்ச்சி எடுத்த அந்த வீட்டில், பின் அறையில் மட்டும் ஈரத்துணி நாற்றம் அடித்தது. ஈரத்துணி எதுவும் அங்கே இல்லை.

அன்று மதியமே டீச்சர் விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டாள். பாயைப் பிடிக்க முடியாது. அதனால் கரையில் உட்கார்ந்து பாய் எண்ணும் வேலை அவளுக்கு வந்தது. எங்கே போனாலும் இவர்கள் வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. கரையில் இருப்பவர் தண்ணீரில் நிற்கும் பாய்களை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று குறைந்து, சீக்கிரம் எழும்பாவிட்டால் விசில் ஊத வேண்டும். சுற்றுலாவுக்குப் போன பிள்ளைகளைத் தலை எண்ணியே பழகியவளுக்கு இது பெரிய காரியமா என்ன?

மூன்று பாய் இருக்க வேண்டிய இடத்தில் நாலு இருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி எண்ணினாள். நாலுதான். வெளுத்துப்போன பாய் ஒன்று எல்லோருக்கும் அப்பால் தனியாக நின்றது.

மூன்று பேரும் கரையேறியதும் கேட்டாள். "உங்களோட இன்னொருத்தர் ஓட்டிட்டு இருந்தாரே, யாரு?"

"யாரும் இல்லையே டீச்சர்" என்றார் பல் டாக்டர்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று மெக்கானிக் சிரித்தான். "உங்களுக்குப் பட்டப்பகல்லயே தெரியுது. டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டுங்க."

"நான் பல்லு மட்டும்தான்யா பார்ப்பேன்!"

ரேடியோ விழுந்து விழுந்து சிரித்தான். டீச்சரும் சிரித்து வைத்தாள். ஆனால் அன்று ராத்திரி கதவுகள் அடித்துக்கொண்டே இருந்ததில் அவள் பொட்டுக்கூடத் தூங்கவில்லை.

மறுநாள் காற்று திசை மாறி, தீவிலிருந்து கடலை நோக்கி அடித்தது. பொல்லாத காற்று அது. விழுந்தவனைக் கரைக்குக் கொண்டு வராது, வெளியே தள்ளிக்கொண்டே போகும். "தூரமாப் போகாதடா" என்று தம்பியிடம் பத்துத் தடவை சொன்னாள். "சரி சரி, அம்மா மாதிரியே ஆரம்பிச்சுட்டியா!" என்று பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

காலையில் மறுபடி நாலு. டீச்சர் விரல் விட்டு இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கேலி செய்வார்கள்.

மதியம் தாண்டியபோது எண்ணினாள். மூன்று.

அப்பாடா! பாடாய்ப் படுத்திய அந்த நாலாவது தொலைந்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டாள். அதன் பிறகு எப்போது எண்ணினாலும் மூன்றுதான். வெயில் கூச்சத்தில் எல்லாப் பாயும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. நேற்றிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டிக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தாள்.

வெயில் சாய்கிற நேரத்தில் பல் டாக்டரும் மெக்கானிக்கும் கரையேறினார்கள்.

"ரேடியோ எங்க? முன்னாடியே வந்துட்டானா?" என்றான் மெக்கானிக்.

"அதோ வர்றானே" என்று கையைக் காட்டினாள். கடலில் ஒரு பாய் நின்றிருந்தது. கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

மெக்கானிக் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"டீச்சர்... அது எப்படி நேரா வருது?"

அவள் முதுகில்தான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. தலைமுடி முன்பக்கமாகப் பறந்து கண்ணை மறைத்தது. எதிர்காற்றில் எந்தப் பாயும் நேராக வராது. குறுக்கும் மறுக்குமாக வளைந்து வளைந்துதான் வர முடியும். பலகை ஏறிய முதல் நாளே படிக்கிற பாடம் அது.

அந்தப் பாய் நேராக வந்தது.

கொஞ்சங்கூட வளையவில்லை.

வெளுத்த பாய். அதன் பின்னால் நின்று பிடிப்பதற்கு ஆளே இல்லை.

பிறகு அது படுத்தது. கடல் வெறிச்சென்று கிடந்தது.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. மதியம் தொலைந்தது நாலாவது பாய் இல்லை, அவள் தம்பியுடையது. அது குறைந்தது தெரியாதபடி இன்னொன்று கணக்கில் நின்றிருக்கிறது. அவள் காலை நீட்டி டீ குடித்திருக்கிறாள்.

"ஐயோ, என் தம்பி!"

நல்ல காலம், படகுக்காரர் வந்துகொண்டிருந்தார். மூன்று பேரும் தண்ணீரில் ஓடிப் படகில் ஏறினார்கள். காற்று தள்ளுகிற திசையிலேயே போகச் சொன்னார் பல் டாக்டர். டீச்சர் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெகுதூரம் போன பிறகு படகுக்காரர் கை நீட்டினார். "அதோ!"

பாய் இல்லாத பலகை மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கால்கள் தண்ணீருக்குள்.

"டேய் தம்பி!"

மெதுவாகத் திரும்பினான். சிரித்தான். பேசவில்லை.

மெக்கானிக் அவனைத் தூக்கிப் படகில் போட்டான். டீச்சர் கட்டிக்கொண்டு அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "பாவி, எனக்கு உசுரே போயிடுச்சுடா!" அவன் உடம்பு ஜில்லென்று இருந்தது. எல்லாவற்றுக்கும் அதே சிரிப்புதான்.

"அதிர்ச்சி. பேச்சு வர நேரமாகும்" என்றார் பல் டாக்டர். "சாமானெல்லாம் கெடக்கட்டும், நேரா ஊருக்கே விடுங்க."

படகு திரும்பியது. பழக்கதோஷத்தில் டீச்சர் எண்ணினாள். டாக்டர், மெக்கானிக், தம்பி, தான். கணக்கு சரியாக இருந்தது.

மதியமும் இப்படித்தான் சரியாக இருந்தது.

அப்போது பின்னால், தூரத்தில், வெயில் கண்ணைக் கூசவைக்கிற அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது.

"அக்கா! ஏ அக்கா! எங்க போறீங்க எல்லாரும்? காது செவிடா? பாய்மரம் ஒடைஞ்சு போச்சு, மதியத்துலேருந்து கத்திக்கிட்டு இருக்கேன்! அம்மாகிட்ட சொல்லித்தரேன் இரு! அக்கா!"

மூச்சு விடாமல் பேசுகிற குரல். பல் டாக்டரும் மெக்கானிக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் கேட்டிருந்தது. படகுக்காரர் மட்டும் திரும்பிப் பார்க்காமல் வேகத்தைக் கூட்டினார்.

"அண்ணே, திருப்புங்க! படகைத் திருப்புங்க!"

டீச்சர் எழப் பார்த்தாள். முடியவில்லை. பக்கத்தில் இருந்தவன் அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். அவள் காதருகே குனிந்து, முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"அதான் எண்ணிட்டீங்கல்ல, டீச்சர்? சரியாத்தானே இருக்கு."