இரண்டு முறை முழுகிய படகு

போன் அடித்தது.

டீசல் மெக்கானிக் எடுக்கவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் முழங்கை வரை ஒரு லாரி இஞ்சினுக்குள் இருந்தன.

மறுபடி அடித்தது. மறுபடியும்...

ஏழாவது தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கின் நுனியால் பச்சைப் பொத்தானைத் தள்ளினாள்.

"யாரு? வீடு பத்தி எரியுதா, இப்படி விடாம அடிக்கிறீங்க?"

"தங்கச்சி... நான் கேப்டன் பேசறேன். உன் தம்பியோட படகு முழுகிடுச்சும்மா. உள்ள அவன்..."

ஸ்பேனர் தரையில் விழுந்தது.

*

தம்பி உயிரோடுதான் இருந்தான். இருந்தான் என்று மட்டும்தான் சொல்லலாம்.

வாயில் குழாய். தலையின் பின்பக்கம் கட்டு.

"நுரையீரல்ல உப்புத் தண்ணி. தலையில பலமான அடி. சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

வார்டு வாசலில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். கையில் நோட்டு. முகத்தில் தூக்கம்.

"அந்தப் படகுக்கு மெக்கானிக் நீங்கதானே?"

"அவனுக்கு அக்காவும் நான்தான்."

"இஞ்சின் சூட்டைத் தணிக்கக் கடல் தண்ணி கொண்டுபோற ஹோஸ் கழன்றிருக்கு. வால்வு திறந்தே இருந்திருக்கு. ராத்திரி பூரா தண்ணி உள்ள வந்திருக்கு. நேத்து அந்த ஹோஸை மாட்டினது யாரு?"

"நான்."

"தம்பி பிழைச்சா உங்க லைசென்ஸ் மட்டும் போகும். பிழைக்கலைன்னா கவனக்குறைவால மரணம். நீங்க உள்ள போகணும்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா இஞ்சின் மாட்டறேன். என் கிளாம்ப் கழன்றதுன்னு சொன்ன முதல் ஆள் நீங்க. வாங்க... படகைக் காட்டுங்க."

*

அந்தப் படகைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

முப்பது வயதுப் படகு. ஒரு சின்னக் கேபின், இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு டீசல் இஞ்சின். தம்பி புதுப் பெயிண்ட்டைப் பார்த்து மயங்கி வாங்கினான். அக்காவைக் கூட்டிப் போகாமல் வாங்கினான். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

வாங்கிய மறுநாள் அவள் இஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தாள். ஃபில்டர் நிறையக் கறுப்புக் கூழ். தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கைகளில் பாதி காணோம். எண்ணூறு மணி நேரம் ஓடியதாக மீட்டர் சொன்னது. எட்டாயிரம் என்று இஞ்சின் சொன்னது.

"இதுக்குப் பதிலா ஒரு பாத்டப் வாங்கியிருக்கலாமேடா. அது முழுகாது" என்று கத்தினாள்.

கத்திவிட்டு, ஆறு ஞாயிற்றுக்கிழமை குனிந்த முதுகு நிமிராமல் வேலை பார்த்தாள். தம்பியாயிற்றே.

நேற்று மாலை கடைசி ஹோஸை மாட்டினாள். வீட்டுக்குப் போனதும் அவன் படகிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, இஞ்சினைத் துடைச்சேன். பெயிண்ட்டுக்கு அடியில வேற ஏதோ நம்பர் இருக்கு..."

"படகைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, அந்த நங்கூரத்தை உன் கழுத்துல கட்டிடுவேன். வை போனை."

அவன் வைத்துவிட்டான்.

*

கிரேன் படகைத் தூக்கிக் கரையில் நிறுத்தியிருந்தது. எல்லா ஓட்டையிலிருந்தும் சேற்றுத் தண்ணீர் ஒழுகியது.

காவலுக்கு இரண்டு கான்ஸ்டபிள்கள். பக்கத்தில் வேறு இரண்டு பேர்.

ஒருவர் கேப்டன். ஓய்வு பெற்ற கப்பல்காரர். துறையில் கடைசியாக நிற்கும் வெள்ளைப் படகு அவருடையது. நனைந்த சட்டையைக்கூட இன்னும் மாற்றவில்லை. இஞ்சினைக் கிளப்பித் தருகிறேன், கயிறு கட்டிக் கொடுக்கிறேன் என்று தம்பிக்கு எப்போதும் கூடமாட நின்றவர்.

இன்னொருவன் படகை விற்ற தரகன்.

அவனைப் பார்த்ததும் அவளுக்குக் கண் சிவந்தது. நேராகப் போய்ச் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"மீட்டரைத் திருப்பினது நீதானே?"

"மேடம்... சட்டை புதுசு..."

"நீதானே?"

"ஆமா. திருப்பினேன். எல்லாரும் திருப்பறாங்க. அதுக்காக ஆளை முழுக வைப்பேனா?"

"அவன் அதை வெளியில சொல்லப் போறான்னு பயந்து ராத்திரி வந்து ஹோஸைக் கழட்டியிருக்கே."

"படகுலயா? நானா?" தரகன் அழாக்குறையாகச் சொன்னான். "கரையில நின்னு பேசித்தான் மேடம் நான் படகு விக்கறேன். கால் வச்சா வாந்தி வரும். வேணும்னா இந்தத் துறையில யாரை வேணும்னாலும் கேளுங்க."

கேப்டன் வந்து அவள் கையை மெல்ல விலக்கினார்.

"விடும்மா. தப்பு யார் மேலயும் இல்லை. பழைய படகு... உன் கை கொஞ்சம் தவறியிருக்கும். மனுஷங்கதானே."

அந்த அன்புதான் அவளை இன்னும் எரித்தது.

அவள் ஏணியில் ஏறி, இஞ்சின் மூடியைத் திறந்து, டார்ச்சை உள்ளே விட்டாள்.

"இன்ஸ்பெக்டர். ஏறி வாங்க. ஷூ நனைஞ்சா என்னைத் திட்டிக்குங்க."

அவர் வந்தார்.

"இந்த ஹோஸை இறுக்கிப் பிடிக்க ரெண்டு கிளாம்ப். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கும். திருகாணி மேல சிவப்பா என்ன தெரியுது?"

"ஏதோ பெயிண்ட்."

"நெயில் பாலிஷ். முறுக்கி முடிச்சதும் திருகாணியிலயும் பட்டையிலயும் சேர்த்து ஒரே கோடா இழுப்பேன். தானா தளர்ந்தாலும், யாராவது திருகினாலும் கோடு விலகும். தானா தளர்ந்தா மயிரிழைதான் விலகும். இங்க பாருங்க."

திருகாணியில் பாதிக் கோடு கிழக்கே பார்த்தது. பட்டையில் மீதிக் கோடு வடக்கே பார்த்தது.

"ரெண்டாவதுலயும் அப்படியே. அதுவா தளர்ந்து, அதுவா ஒரே மாதிரி திரும்பி நிக்குமா? ஸ்க்ரூடிரைவர் போட்டுத் திருகியிருக்காங்க."

"இதை நீங்களே இப்ப திருப்பலைன்னு..."

"காலையில இருந்து நிழல் மாதிரி பின்னாலயே வர்றீங்க. எப்ப திருப்பினேன்?"

இன்ஸ்பெக்டரின் முகத்தில் தூக்கம் கலைந்தது.

"அப்ப யாரோ அடிச்சுப் போட்டுட்டு, படகை முழுக வச்சிருக்காங்க. யாரு?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

*

ஆத்திரம் வந்தால் அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியாது. துறைப் பலகையின் மேல் தடதடவென்று நடந்தாள். கடைசி வரை போனாள். திரும்பினாள். மறுபடி போனாள்.

மூன்றாவது தடவை, கடைசிக் கம்பத்தில் முழங்கால் இடித்தது.

குனிந்தாள்.

கம்பத்தில் மூன்று கயிறுகள் கட்டியிருந்தன. தம்பியின் படகுக் கயிறுகள். கிரேன்காரர்கள் படகுப் பக்கம் வெட்டிவிட்டுப் போன மிச்சம் தண்ணீரில் தொங்கியது. நீளமாக... ரொம்ப நீளமாக.

அவள் கம்பத்தைப் பார்த்தாள். பிறகு, பத்தடி தள்ளி நின்ற கேப்டனின் வெள்ளைப் படகைப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

மறுபடி கயிற்றைப் பார்த்தாள்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "காலையில என்ன நடந்துச்சுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

கேப்டன் வந்தார். இன்ஸ்பெக்டரும் தரகனும் பின்னால் வந்தார்கள்.

"அதான் சொன்னேனேம்மா. ஏழு மணி இருக்கும். டீசல் பங்க் ஆள் கத்தினான். ஓடி வந்தேன். கூரை மட்டும்தான் வெளிய தெரிஞ்சுது. படகு சேத்துல உட்கார்ந்ததால உள்ள ஒரு சாண் காத்து மிஞ்சியிருந்தது. குதிச்சு இழுத்தேன்."

"அதுக்கு முன்னாடி படகைத் தொடலை?"

"ராத்திரி எட்டு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டேனே."

"நேத்து நாலு மணிக்குத் துறையில இடமில்லைன்னு இவன் படகை உங்க படகோட சேர்த்து, உங்க படகுக் கொண்டியிலதான் கட்டினேன். மூணு கயிறு. என் கையால. அது எப்படி இந்தக் கம்பத்துக்கு வந்துச்சு?"

கேப்டன் கம்பத்தைப் பார்த்தார்.

"காலையில... ஆமா, காலையில நான்தான் அவிழ்த்து இங்க கட்டினேன். பதட்டத்துல மறந்துட்டேன்."

"நாலு டன் படகு கீழ இழுக்கும்போது கொண்டியில இருக்கற முடிச்சை எவனாலயும் அவிழ்க்க முடியாது. வெட்டத்தான் முடியும். கப்பல்ல இருந்த உங்களுக்கு நான் சொல்லணுமா? இந்தக் கயித்துல உங்க பக்கம் வெட்டே இல்லை. முழுகறதுக்கு முன்னாடியே, நிதானமா அவிழ்த்து, அழகா முடிச்சுப் போட்டு, நீளம் வேற விட்டிருக்கு."

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்: "புரியற மாதிரி சொல்லுங்க."

"சேர்த்துக் கட்டின படகு முழுகினா பக்கத்துப் படகையும் சாய்ச்சு இழுக்கும். அந்த வெள்ளைப் படகோட கம்பியெல்லாம் பிய்ஞ்சு போயிருக்கும். இது முழுகப் போகுதுன்னு தெரிஞ்ச ஒருத்தர்... தன் படகு பெயிண்ட் உரியக்கூடாதுன்னு கவலைப்பட்ட ஒருத்தர்தான்... கயிறை மாத்தியிருக்கணும்."

அவள் குரல் இப்போது உடைந்தது.

"என் தம்பி மண்டையைப் பிளந்துட்டு, கயிறு நீளம் பார்த்திருக்கே. நீ மனுஷனா?"

"உளறாதே. எனக்கு என்ன பகை அவனோட?"

"நேத்து அவன் இஞ்சின் பெயிண்ட்டுக்கு அடியில இருக்கற ஒரு நம்பரைப் பத்தி என்கிட்ட சொல்ல வந்தான். நான் கேட்கலை. பாவி நான், போனை வைடான்னுட்டேன். அக்கா கேட்கலைன்னா அவன் வேற யார்கிட்ட போவான்? பக்கத்துலயே பாசமா ஒரு அண்ணன் இருக்கும்போது."

இன்ஸ்பெக்டர் காத்திருக்கவில்லை. படகில் ஏறி, இஞ்சினின் பக்கவாட்டில் பெயிண்ட் சுரண்டியிருந்த இடத்தைத் தேடி, எண்ணை எழுதிக்கொண்டார். படகுப் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

ஐந்து நிமிஷம். தரகன் காலரை நீவிக்கொண்டே இருந்தான்.

"இந்த இஞ்சின் நடுக்கடல்ல இருக்கணுமாம்" என்றார் இன்ஸ்பெக்டர், போனை இறக்கி. "மூணு வருஷத்துக்கு முன்னாடி படகோட முழுகிடுச்சுன்னு பதிவு. இன்சூரன்ஸ் வாங்கியாச்சு. வாங்கினவர் பேரு..."

பெயரைச் சொல்லவில்லை. கேப்டனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முழுகாத படகை முழுகினதா எழுதி, புதுசு வாங்கிட்டீங்க. பழசுக்குப் பெயிண்ட் அடிச்சு இவன் மூலமா வித்துட்டீங்க. குட்டு உடையப் போகுதுன்னதும் நிஜமாவே முழுக வச்சுட்டீங்க."

தரகன் பதறினான். "சார், சத்தியமா எனக்குத் தெரியாது. அனாதைப் படகுன்னுதான் கொடுத்தார்."

கேப்டன் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. தன் வெள்ளைப் படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துக்கச் சொல்லுங்க" என்றார் கடைசியில். "வெயில்ல விட்டா பெயிண்ட் வெளுத்துடும்."

அவள் பாய்ந்தாள். இரண்டு கான்ஸ்டபிள்கள் சேர்ந்து பிடித்தும் ஒரு அறை விழுந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் அந்த நேரம் பார்த்து வானத்தைப் பார்த்தார்.

*

மத்தியானம் மூன்று மணிக்குப் போன் அடித்தது. இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா..."

குழாய் எடுத்த தொண்டையிலிருந்து குரல் தேய்ந்து வந்தது. ஆனால் அவன் குரல்தான்.

அவள் அப்படியே பலகையில் உட்கார்ந்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். கிரீஸ் கை, முகமெல்லாம் கறுப்பு.

"சொல்லுடா கண்ணா. வலிக்குதா?"

"இஞ்சின்ல... தண்ணி போயிடுச்சா?"

அவள் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னைக்கே பிரிச்சுக் கழுவணும்க்கா. உப்பு ஏறினா போச்சு. அப்புறம் அந்த ஃபில்டரை..."

அவள் எழுந்தாள்.

"நீ குணமாகி வீட்டுக்கு வாடா. என் கையாலேயே உன்னைக் கொல்றேன்."

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிப் பேனாவைப் பையில் செருகினார்.

"மேடம், இருபது அடி தள்ளிப் போய்ச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு ஒரு கேஸ்தான் எழுதுவேன்."