ஏழாம் பகுதிக்கு இரண்டு சதவீதம்

போன் அலறியது!

2004 மார்ச். அரியலூர் வன ஆபீஸ். பகல் பன்னிரண்டு மணி.

பூவிழி ரிசீவரை எடுத்தாள். எந்தக் காட்டில் தீப்பிடிக்க எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்பவள். அந்தக் கணக்குப்படிதான் காவலுக்கு ஆள் போடுவார்கள்.

"இன்ஸ்பெக்டர் முத்துவேல் பேசறேம்மா. உடையார்பாளையம் காட்டுல தீ. ஏழாம் பகுதி. ஒரு... பாடி கெடக்கு."

ஏழாம் பகுதியா?

அங்கே காவல் ஒரே ஆள். வாட்சர் பிச்சைமுத்து.

அவளுடைய அப்பா!

ஜீப் போய் நின்றபோதும் புகை அடங்கவில்லை. அப்பாவின் டயர் செருப்பு பாதி கருகிக் கிடப்பதைப் பார்த்ததுமே பூவிழி ஓடினாள்.

"அப்பா...!"

அந்த அலறலில் கான்ஸ்டபிள்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஏம்மா, இங்க மட்டும் ஏன் ஒத்த ஆளு?" முத்துவேல் கேட்டார்.

"பத்து வருஷத் தீ ரிஜிஸ்டரை வச்சுத்தான் கணக்கு சார். ஏழுல ஒரு தீகூட இல்ல. ரெண்டு சதவீதம்னு வந்துச்சு... மத்த ஆளுங்களை வேற பக்கம் மாத்திட்டேன். நாந்தான் சார் எங்கப்பாவைக் கொன்னுட்டேன்!"

"தீயே இல்லியா? இந்த மரத்தையெல்லாம் பாரும்மா."

பார்த்தாள். அடிமரமெங்கும் பழைய கருகல். பல வருஷத்துத் தழும்புகள்!

கம்ப்யூட்டர் பொய் சொல்லாதாம். நாம் சொல்லிக்கொடுத்ததைத்தானே அது சொல்லும்!

"அப்போ எவனோ ரிஜிஸ்டர்ல மறைச்சிருக்கான். அவந்தாம்மா கொலைகாரன்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி ஓடி வந்தாள். பக்கத்துக் கொல்லையில் முந்திரி பொறுக்கும் தனம்.

"என்னைப் புடிச்சிட்டுப் போங்க சாமி! கொட்டை பொறுக்கச் சருகைக் கூட்டிக் கொளுத்துனேன். காத்து மாறிடுச்சு! வருசா வருசம் யாராச்சும் வைக்கிற தீ காட்டுக்குள்ள ஏறிடும். பிச்சமுத்து அண்ணந்தான் தழையை ஒடிச்சி அடிச்சி அணைக்கும்..."

"ரிஜிஸ்டர்ல எழுத மாட்டாரா?" முத்துவேல் குறுக்கிட்டார்.

"எழுதுனா எங்க மேல கேசாயிடுமே! புள்ளகுட்டிக்காரி, வூடு போய்ச் சேருன்னு வுட்டுடும். தீ இல்லன்னே எழுதிடும் சாமி!"

பூவிழி சாம்பலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பாவின் பத்து வருஷ இரக்கத்தை வரி வரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவள்தான். கோபப்படக்கூட ஆள் இல்லை.

முத்துவேல் தனத்தைக் காட்டினார். "நீ கம்ப்ளெயின்ட் எழுதிக் குடும்மா. இவளை இப்பவே உள்ள தள்ளிடறேன்."

பூவிழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். கேஸ் எழுதிட்டு நாளைக்கு நான் செத்து மேல போனேன்னா, எங்கப்பா கதவையே தொறக்க மாட்டாரு!"