பவளமுனைச் சுரங்கத்தில் கடல் ஏறிய மாலை

பவளமுனைக் கோட்டை எழுநூறு ஆண்டுகளாக எந்தப் பகைவனுக்கும் பணியாத கோட்டை. வாசலில் உள்ள பளிங்குப் பலகை அப்படித்தான் சொல்கிறது, பொன்னெழுத்தில். பகைவர் யாரும் வரவில்லை என்பதைப் பலகை சொல்வதில்லை. வடக்கே நல்ல துறைமுகம் ஒன்று இருந்தது. படையெடுக்க ஆசைப்பட்டவர்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். பவளமுனை வீரர்கள் மதில்மேல் வேலோடு நின்று, கப்பல்கள் தாண்டிப் போவதைப் பார்த்தார்கள். பிறகு வௌவால்கள் வந்து போரிடாமலே கோட்டையைப் பிடித்தன. அதற்கும் பிறகு டிக்கெட் கவுண்டரும் ஒலி ஒளிக் காட்சியும் ஓர் ஒட்டகமும் வந்தன.

மேற்கு மதிலடியில், துருப்பிடித்த கம்பிக்கதவுக்குப் பின்னால் ஓர் இருட்டு வாய் இருக்கிறது. அதுதான் இரகசியச் சுரங்கம். அதைப் பற்றிச் சொல்லித்தான் வழிகாட்டி சந்தியாகு குடும்பம் நடத்தினார். சுரங்கம் மலைமேல் உள்ள அரண்மனை வரைக்கும் போகிறது என்பார். அவர் வேலையில் சேர்ந்த புதிதில் அதற்குள் ஓர் ஆள் குனிந்து போகலாம். சில வருடங்களில் குதிரை போனது. இப்போதெல்லாம் அம்பாரியோடு யானை போகிறது. தரை அரண்மனைப் பக்கம் மேடேறிக்கொண்டே போகும், அதனால் கடல்நீர் உள்ளே எட்டிப் பார்க்காது என்பதும் அவர் சேர்த்த சரக்குதான்.

அன்று மாலை கரூரிலிருந்து வந்த குழுவில் ஒரு ஜவுளி வியாபாரி கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, நீங்க உள்ள போயிருக்கீங்களா?"

"அரசாங்கம் அடைச்சுப் போட்டிருக்கு அண்ணாச்சி."

"அப்ப யானை போனதை யாருங்க பார்த்தா? இந்த வழியில எங்க வீட்டு ஆடே போகாதுங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். சந்தியாகு மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பிழைத்தவர். தன்னைப் பார்த்துச் சிரித்தது அவருக்குப் புதிது. கம்பிக்கதவைத் தூக்கிக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார்.

"இங்ஙனயே நில்லுங்க. அரண்மனைக் கல்லு ஒண்ணு எடுத்துட்டு வாரேன்."

செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே போனார். குழு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றது. தின்று முடித்துக் கையும் கழுவியது. அவர் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு உள்ளிருந்து பதிலும் இல்லை. வியாபாரி டிக்கெட் கவுண்டருக்கு ஓடினார். கவுண்டரில் இருந்தவள் பிலோமி, சந்தியாகுவின் மனைவி.

அவள் ஜன்னலை அடைத்துவிட்டு, கரையில் நின்ற கொழுந்தன் இன்னாசிக்குப் போன் போட்டாள். சங்கு குளிக்கும் இன்னாசி, மிதப்புக்குக் கொண்டுபோகும் லாரி டியூபும் கயிறுமாக வந்து சேர்ந்தான்.

"இன்னைக்குப் பௌர்ணமி மதினி. கடல் ஏறிக்கிட்டிருக்கு. பொழுது அடையுறதுக்குள்ள உள்ள தண்ணி நெறஞ்சிரும்."

"தண்ணி வராதுன்னு நெனைச்சில்ல போயிருக்காரு."

"யாரு சொன்னா வராதுன்னு?"

"அவருதான்."

கோட்டை அலுவலர் குணாளன் தொப்பியைச் சரிசெய்தபடி வந்தார். மேலிடத்து அனுமதியில்லாமல் புராதனச் சின்னத்துக்குள் இறங்குவது குற்றம் என்று தொடங்கினார்.

"சார், அந்தப் பெரிய டார்ச்சை மட்டும் குடுங்க" என்றாள் பிலோமி.

"அது அரசு உடைமைம்மா. வெளியாள் கையில கொடுக்க விதி இடம் தராது."

"அப்ப அதைப் பிடிச்சுக்கிட்டு நீங்களே வாங்க."

இதற்கு விதியில் மறுப்பு எதுவும் இருப்பதாக அவருக்கு உடனே ஞாபகம் வரவில்லை. ஆகவே மீட்புப் படையில் மூவர் ஆனார்கள்.

உள்ளே குனிந்துதான் நடக்க முடிந்தது. தரை மேடேறவில்லை, இறங்கியது. நண்டுகள் சுவரோடு விலகி ஓடின. கொஞ்ச தூரத்தில் சந்தியாகுவின் ஒற்றைச் செருப்பு கிடைத்தது. அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று குறுகல், ஒன்று அகலம்.

"எந்தப் பக்கம்னு தெரியலையே மதினி."

"அகலமான பக்கந்தான் போயிருப்பாரு. யானை போகணும்ல?"

அகலமான பக்கம் போனார்கள். முழங்கால் வரை தண்ணீர் வந்தது, பிறகு இடுப்பு வரை. டார்ச் வெளிச்சத்தில் ஒரு தலை தெரிந்தது.

கூரையைத் தாங்கியிருந்த பழைய பனந்தூலம் ஒன்று சரிந்து, சுவரோரம் உட்கார்ந்த நிலையில் சந்தியாகுவின் வலது காலை அழுத்திக் கிடந்தது. தண்ணீர் அவர் நெஞ்சைத் தொட்டிருந்தது. கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.

"பிலோமி, நீ ஏன் வந்த?" என்றார் கரகரப்பாக.

"அரண்மனை பாக்க."

மூவரும் தூலத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. இன்னாசி மூச்சடக்கி மூழ்கி, கையால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்தான். டியூபை அழுத்தி அமுக்கித் தூலத்தின் அடியோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான்.

"நம்மால தூக்க முடியாது. தண்ணி தூக்கும். டியூபு முழுசா முங்கணும், அப்பத்தான் தூலம் எழும்பும்."

"முங்குறப்ப அவருக்கு எம்புட்டுத் தண்ணி இருக்கும்?" என்று கேட்டாள் பிலோமி.

இன்னாசி அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் மோவாயைத் தொட்டுக் காட்டினான். கொஞ்சம் யோசித்து, விரலை மூக்குக்கு நகர்த்தினான்.

அதன்பின் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. எந்தக் கடலைப் பார்த்துப் பயந்து ஓடிவந்தார்களோ அந்தக் கடல் இன்னும் சீக்கிரம் வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். பிலோமி கணவரின் பின்னால் போய் நின்று, தலையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டாள். ஒவ்வோர் அலைக்கும் தண்ணீர் ஏறியது, சற்று இறங்கியது, இறங்கியதைவிடக் கூடுதலாக ஏறியது. குணாளன் டார்ச்சை ஆடாமல் பிடித்திருந்தார். தொப்பியைக் கழற்றிச் சட்டைக்குள் செருகியிருந்தார்.

"பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்திருக்குமே" என்றார் சந்தியாகு.

"பக்கத்து வீட்டுல இருக்கும்."

"பிலோமி, ஒருவேளை நான்..."

"வாயை மூடுங்க. தண்ணி உள்ள போயிரும்."

அவர் வாயை மூடினார். அவருடைய தொழில் வாழ்க்கையில் அது அபூர்வமான நிகழ்ச்சி. தண்ணீர் மோவாயைத் தாண்டியது. உதட்டைத் தொட்டது. பிலோமி அவர் முகத்தை மேலே நிமிர்த்தினாள். இப்போது மூக்கும் நெற்றியும் மட்டுமே வெளியே இருந்தன. டியூபு முழுகியது. தூலம் முனகியது. எழவில்லை.

"ஒரு கை குறையுது" என்று இன்னாசி சொன்னான். "சார், டார்ச்சைப் போட்டுட்டு வாங்க."

குணாளன் கையிலிருந்த அரசு உடைமையைப் பார்த்தார். பிறகு அதைத் தண்ணீரில் விட்டார். இருட்டில் நான்கு கைகள் தூலத்தைப் பற்றின. அடுத்த அலை உள்ளே வந்து எல்லோர் தலையையும் மூடியது. அந்த அலையோடு சேர்த்து இழுத்தார்கள். தூலம் புரண்டது. பிலோமி, கையிலிருந்த தலையை விடாமல், கணவரை அப்படியே பின்னால் இழுத்தாள். கால் வந்தது. செருப்பு வரவில்லை.

மேடேறித் திரும்பினார்கள், கைகளால் சுவரைத் தடவிக்கொண்டு, பின்னாலேயே துரத்திவந்த தண்ணீரோடு. வாய்ப்பக்கம் சாயங்கால வெளிச்சம் தெரிந்தபோது சந்தியாகு பிலோமியின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார். அவள் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தாள்.

வெளியே கோட்டையே திரண்டிருந்தது. கைதட்டினார்கள். கரூர் வியாபாரி இரு கைகளையும் கூப்பி மன்னிப்புக் கேட்டார். நால்வரும் நெருங்க நெருங்கக் கூட்டம் சட்டென்று இரண்டாகப் பிளந்து, தாராளமாக வழிவிட்டது. அது மரியாதை என்று குணாளன் நினைத்தார். ஈரத் தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

சந்தியாகு இப்போது ஊன்றுகோலோடு அதே கம்பிக்கதவருகே நிற்கிறார். பார்க்காததைச் சொல்வதில்லை. "இது மேட்டுக்குப் போகலை, பள்ளத்துக்குப் போகுது. நான் பார்த்தேன்" என்கிறார். கேட்பவர்கள் சற்று ஏமாற்றமடைந்தாலும் பின்வாங்கி நிற்கிறார்கள். பிள்ளைகளையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். அது போதும் என்பது பிலோமியின் கருத்து.

அந்த மாலைக்கு அடுத்த வாரமே பொறியாளர்கள் வந்து அளந்தார்கள். அது சுரங்கப்பாதை அல்ல, கோட்டையிலிருந்து கடலுக்குக் கழிவு போகக் கட்டிய வாய்க்கால் என்று எழுதிக் கொடுத்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய புதிய கழிப்பறையின் குழாய் அதில்தான் விடப்பட்டிருக்கிறது.