பெட்டிக்குள் நின்றபடியே காணாமல் போன பூனை

அந்தக் காட்டுப்பூனை காணாமல் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. காரணம், அது அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் முறைத்துக்கொண்டு நின்றது. செத்து எண்பது வருடமாகியும் முறைப்பு மட்டும் குறையவில்லை.

காலை ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். காவல்துறையில் அவருக்குச் ‘சல்லடை’ என்று பெயர். அவர் உற்றுப் பார்த்தால் மின்விசிறிகூடக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்.

“மோசடி மேடம்!” அருங்காட்சியகத் தலைவர் கத்திய கத்தலில் பக்கத்து அறை யானை எலும்புக்கூடு ஒருமுறை ஆடி நின்றது. “இந்தப் பொண்ணு ஆராய்ச்சிங்கிற பேர்ல புளுகியிருக்கு. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்.”

ஆராய்ச்சிக்காரப் பெண் சுவரோரம் நின்றாள். அழுது முடித்த முகம்.

“நீ சொல்லும்மா.”

“போன வருஷம் இதோட பாதத்துல துளியூண்டு தோல் எடுத்து மரபணு பார்த்தேன் மேடம். இன்னைக்கு மலையில இருக்கிற பூனைங்ககிட்ட இல்லாத வகையெல்லாம் இதுக்கு இருந்துச்சு. ஆத்துக்கு அக்கரைப் பூனைங்ககிட்ட அதெல்லாம் இருக்கு. ஒரு காலத்துல ரெண்டு பக்கமும் ஒரே கூட்டம். நடுவுல ரோடும் ஊரும் வந்ததும் மலைப் பூனைங்க தனியா மாட்டிக்கிச்சு.”

“மாட்டினா என்ன?”

“சொந்தத்துக்குள்ளேயே ஜோடி சேருது. குட்டி தங்கறதில்ல. இதயக் கோளாறு. முதுகு முடியில சுழி. அக்கரைப் பூனை நாலைக் கொண்டுவந்து விட்டாப் பிழைச்சுக்கும். வனத்துறை ஒத்துக்கிச்சு. மறுபடி ஒரு தடவை சோதிச்சுக் காட்டுன்னாங்க.”

“காட்டினியா?”

“இப்ப சோதிச்சா அப்படியே இன்னைக்கு இருக்கிற மலைப் பூனை மாதிரி வருது! முதல்ல எடுத்த தோலும் தீர்ந்துபோச்சு. என் வேலை கிடக்கட்டும் மேடம். திட்டம் நின்னா அதுங்க கதை முடிஞ்சுது.”

சல்லடை பெட்டியைச் சுற்றி வந்தார். பூட்டில் கீறல் இல்லை. மேலே, அன்று சுட்ட வேட்டைக்காரர் இதே பூனையைத் தூக்கிப் பிடித்த பழைய புகைப்படம். முதுகு வழவழவென்று இருந்தது. பெட்டிக்குள்ளும் முதுகு வழவழப்புதான். கல்யாண மாப்பிள்ளை எண்ணெய் வைத்துச் சீவிய தலைபோலப் படிந்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே.

“இது எப்பவாவது வெளியே போச்சா?”

“இந்த வருஷ மழைக்காலத்துல பூஞ்சை எடுக்க என் மச்சான்கிட்ட அனுப்பினேன்” என்றார் தலைவர். “ செத்த மிருகத்தைப் பாடம் பண்றதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. மலை ரோட்டுல பூனை அடிபட்டாலும் அவர்கிட்டதான் வரும்.”

மச்சான் வரவழைக்கப்பட்டார். நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது.

“தூசி தட்டினேன். அவ்வளவுதான்.”

“தண்ணி படலாமா?”

“ஐயையோ, தொடாதீங்க!”

அதற்குள் பெட்டியைத் திறந்து, சல்லடை ஈரக் கைக்குட்டையால் பூனையின் முதுகைத் தேய்த்து முடித்திருந்தார். பசை கரைந்தது. முடி மெல்ல எழுந்து, வட்டமாகச் சுழன்று நின்றது.

“சுழி!” என்றாள் பெண்.

“படத்துல இருக்கிறதுக்குச் சுழி இல்ல. இதுக்கு இருக்கு. ரெண்டு சோதனையும் நிஜம், பூனைதான் ரெண்டு. ஏம்மா, அணு அணுவா அலசின நீ முதுகை ஒரு தடவை தடவிப் பார்க்கக் கூடாதா?” சல்லடை திரும்பினார். “மாத்தினது நீங்கதான். ஏன்?”

மச்சான் நாற்காலியில் சரிந்தார். “என் பட்டறையிலதான் பூச்சி அரிச்சுது. தொட்டா முடி கொத்துக்கொத்தா வருது. மாப்ள மூஞ்சில எப்படி முழிக்கிறது? அடிபட்ட பூனை ஒண்ணு அளவும் புள்ளியும் அப்படியே பொருந்துச்சு. தோலுக்குத் தோல்னு நினைச்சேன். சுழிதான் இடிச்சுது. வாரி ஒட்டினேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்.” தலைவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

பெண்ணுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. “பழசை எரிச்சிட்டீங்களா?”

“தோல் தூளாப் போச்சும்மா. உள்ளே இருந்த மண்டையோட்டை மட்டும் தூக்கிப்போட மனசு வரல. வீட்டு அலமாரியில இருக்கு.”

“பல்லு?”

“ஒண்ணுகூட விழல.”

“ஒரு பல்லு போதும், மறுபடி சோதிச்சிடலாம். வாங்க!” அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இரும்மா, நான் அவரைக் கைது பண்ணணும்.”

“பல்லைக் குடுத்துட்டு வரட்டும் மேடம்!”

சல்லடை கைவிலங்கைப் பைக்குள் போட்டார். “ஜீப்பிலேயே ஏறுங்க. சீக்கிரம் போயிடலாம்.”